குதிரை வாங்கிய பரம்பரை

குதிரை வாங்கி ஏமாறுவதில் எங்கள் கடற்கரைக்கு எழுநூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு. அதனால், 1964-ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கப் போவதாக அத்தான் அறிவித்தபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. என் பங்குக்கும் சேர்த்து அக்கா அடைந்துகொண்டாள்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ் பழையகாயலில் நிற்கும். சுற்றிலும் உப்பளம், உடைமரம், வெயில். கடல் எப்போதோ பின்வாங்கிவிட்டது. இங்கே கப்பல் வந்து நின்றது என்று சொன்னால் கண்டக்டர் சில்லறை கொடுக்காமல் நம்மையே பார்ப்பார். ஆனால் 1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பலெல்லாம் காயலில்தான் வந்து நிற்கும் என்று எழுதி வைத்தார். அந்தக் காயல் இந்தப் பழையகாயல்தான் என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் கால்டுவெல்.

போலோ தரும் கணக்கைக் கேளுங்கள். பாண்டிய ராஜா வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குவார். அவருடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு அவ்வளவு வாங்குவார்கள். வருஷக் கடைசியில் லாயத்தில் எண்ணினால் நூறுகூடத் தேறாது. பராமரிக்கத் தெரியாது, லாடம் அடிக்க ஆளும் கிடையாது. லாடக்காரன் எவனாவது இந்தப் பக்கம் கப்பலேறப் பார்த்தால் குதிரை வியாபாரிகளே தடுத்துவிடுவார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! ஷோரூமைத் திறந்துவிட்டு சர்வீஸ் சென்டரைத் திறக்காமல் விடுகிற வித்தையை இந்தக் காலத்துக் கம்பெனிகள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீனி இன்னொரு கூத்து. வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள் என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் கொடுத்து, குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் வைத்தார்கள் என்கிறார். இரண்டு பேரும் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர் போதும் போதும் என்று இலையை மறைத்தாலும் விரல் இடுக்கில் இன்னொரு கரண்டி விடுகிற ஊர் இது. குதிரையால் இலையை மறைக்கவும் முடியாது.

விலை? ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை. நடுக்கடலில் செத்துப்போன குதிரைக்கும் கஜானாவிலிருந்து பணம் உண்டு. வழியிலேயே உடைந்த சாமானுக்கு முழுப்பணம் கொடுத்து அனுப்பிய வாடிக்கையாளர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதே கடலில் மூச்சைப் பிடித்து முங்கி சிப்பி எடுத்தான் ஒருவன். அந்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. ராஜா அதைக் குதிரையாக மாற்றி, சோறு போட்டுக் கொன்றார்.

இதைவிடப் பழைய வில்லங்கம் மாணிக்கவாசகர் கதை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணம் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டது. அமைச்சரைக் காப்பாற்ற சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்தார். காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரையில் கொண்டுவந்து நிறுத்தி, முறைப்படி கயிறு மாற்றிக் கொடுத்தார். கயிறு கை மாறிவிட்டால் அப்புறம் வியாபாரிக்குப் பொறுப்பில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதற்கு நம்மவர்கள் அன்றைக்கு வைத்திருந்த ஏற்பாடு அது. ராத்திரியே பரியெல்லாம் மறுபடி நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிய எவருக்கும் இந்தத் திருவிளையாடலுக்கு உரை தேவைப்படாது.

இதையெல்லாம் அத்தானிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகக் கேட்டுவிட்டுத் தான் நினைத்ததையே செய்வார்.

“மாப்ள, ராஜா ரெண்டாயிரம் வாங்கினாரு, நூறு மிஞ்சல. நான் ஒண்ணே ஒண்ணுதான் வாங்குதேன். அதுக்குள்ள நூத்தியொண்ணு இருக்கு.”

கணக்கு சரிதான். முதல் மஸ்டாங்கின் சாதாரண எஞ்சினுக்கு 101 குதிரை சக்தி. மொய்க்கு ஏற்ற எண். 1964 ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அந்தக் காரைக் காட்டினார்கள். முதல் நாளே 22 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். லீ அயகோக்கா என்கிற அதிகாரிக்கு அதோடு யோகம் அடித்தது. காருக்கு அந்தப் பெயர் குதிரையை நினைத்து வைத்ததா, இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்டாங் போர் விமானத்தை நினைத்து வைத்ததா என்று கம்பெனிக்குள்ளேயே இரண்டு கட்சி. முன்பக்கக் கிரில்லில் ஓடுவது குதிரை. அதனால் குதிரைக் கட்சி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் உயிருள்ள மஸ்டாங்குகள், ஸ்பானியர்கள் கொண்டுபோன குதிரைகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிப் பெருகியவை. 1971-ல் அவற்றைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். அவை பெருகோ பெருகென்று பெருகின. 2019-லிருந்து சில வருஷங்கள், ஒரு குதிரையை எடுத்து வளர்த்தால் ஆயிரம் டாலர் தருகிறோம் என்று அரசாங்கமே கூப்பிட்டது. இரும்பு மஸ்டாங் 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 65 லட்சம். உயிருள்ளதற்கு அவர்கள் பணம் தந்தார்கள், உயிரில்லாததற்கு நாம் பணம் தந்தோம். பாண்டியர் காலத்துப் புத்தி இன்னும் போகவில்லை.

நம் பக்கத்திலும் காட்டுக் குதிரை உண்டு. கோடியக்கரையில் மேய்கின்றன. பாக் நீரிணையைத் தாண்டிப் போனால் நெடுந்தீவில் நிற்கின்றன. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் வளர்த்து விட்டுப்போனவற்றின் வாரிசுகள் என்கிறார்கள். 1658-ல் எங்கள் தூத்துக்குடியைப் பிடித்த அதே டச்சுக்காரர்கள்தான். நெடுந்தீவுக்குக் குதிரை, எங்களுக்கு ஒரு சர்ச்சும் சில கல்லறையும். அந்தக் குதிரைகளுக்கு லாடம் கிடையாது, வெண்ணெய் கிடையாது. கோடையில் தண்ணீருக்கே திண்டாட்டம், சில சாகவும் செய்கின்றன. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ராஜா பால் காய்ச்சிக் கொடுத்த ஜாதிக் குதிரை ஒன்றுக்குக்கூட இங்கே வாரிசு மிஞ்சவில்லை.

“அப்ப நானும் ஒண்ணும் செய்யாம விட்டுட்டா கார் நூறு வருஷம் ஓடும்லா?” என்றார் அத்தான்.

அக்கா இடையில் புகுந்தாள். பக்கத்துச் சில்லாநத்தத்திலேயே இப்போது கார் செய்கிறார்களே, கரண்டில் ஓடுகிற கார், அதை வாங்கினால் என்ன? அத்தான் முகம் சுளித்தார். சத்தம் போடாத காரில் ஏறி எதிரே வருகிறவனை எப்படி எரிச்சல்படுத்துவது?

ஐம்பது வருஷம் தாண்டிய வெளிநாட்டுக் கார்களை இப்போது இறக்குமதி செய்யலாம் என்று அவர் எங்கோ விசாரித்து வைத்திருந்தார். கடைசி அஸ்திரமாக நான் 2021-ல் வந்த மத்திய அரசு விதியை எடுத்தேன். பழங்காலக் கார் என்று பதிவு செய்தால் கட்டணம் இருபதாயிரம். அப்புறம் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பழைய கார் ஊர்வலத்துக்கு, ரிப்பேருக்கு, பெட்ரோல் போட. இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம்.

அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டாம் தடவை படித்தார்.

“பெட்ரோல் போடப் போலாம்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“எவ்வளவு போடணும்னு போடலியே? தினம் அரை லிட்டர் போட்டா யாரு கேக்கப் போறா?”

அன்றைக்கு முதல், திருச்செந்தூர் ரோட்டில் நல்ல பெட்ரோல் பங்க் எது, அதுவும் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி, என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.