கேசட்டை ஊதும் முறை: மும்பைத் தமிழ் வழக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று நான்காக வகுத்தனர் தமிழிசை நூலார். துளைக்கருவிகளில் நாதசுரம் உண்டு, புல்லாங்குழல் உண்டு, சங்குகூட உண்டு. 1990களில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தெருத்தெருவாகப் புழங்கிய இன்னொரு ஊதுகருவியை மட்டும் எவரும் சேர்க்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெரும்பாலும் மஞ்சள் நிறம். அடிவாயில் அறுபது பற்கள். வாயருகே பிடித்து நீளவாக்கில் ஊதி, இயந்திரத்தில் செருகி, பொத்தானைத் தட்டினால் கோஜி கொண்டோ இசையமைத்த மாரியோ மெட்டு கிளம்பும். கிளம்பாவிட்டால் மறுபடி ஊத வேண்டும்.

இக்கருவிக்கு மக்கள் இட்ட பெயர் கேசட். உள்ளே நாடா ஏதும் கிடையாது. பாட்டுக் கேசட், படக் கேசட் என்ற வரிசையில் வீட்டுக்குள் நுழைந்ததால் இதற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லை அக்காலத்தில் யாரேனும் உச்சரித்திருந்தால், அவர் கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவாகத்தான் இருந்திருப்பார்.

மூலநூல் ஜப்பானியது. மசாயுகி உயெமுரா வடிவமைத்த நின்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டர் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் கடைக்கு வந்தது. அதன் வேலை நினைவகம் இரண்டே கிலோபைட். 1985இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது பற்கள் 72 ஆயின. கம்பெனியின் அனுமதி பெறாத கேசட்டைத் துரத்தியடிக்கும் ஒரு பூட்டுச் சில்லும் சேர்ந்தது. ஜப்பானிய இயந்திரத்திலோ பூட்டு இல்லை. திறந்த வீட்டில் என்ன நுழையும் என்று தமிழ்ப் பழமொழி முன்பே சொல்லியிருக்கிறது. தைவானின் யுஎம்சி நிறுவனம் நகல் சில்லுகளை வார்த்துத் தள்ள, அறுபது பல் இயந்திரம் ஆயிரம் பெயர்களில் உலகைச் சுற்றியது. ரஷ்யாவில் அது டெண்டி. இந்தியாவில் லிட்டில் மாஸ்டர், அல்லது லேமிங்டன் ரோடு கடைக்காரர் அன்றைக்கு என்ன பெயர் சொன்னாரோ அது.

நகல் ஏன் வென்றது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1995இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் முறையாக இந்தியாவுக்கு வந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்க உள்நாட்டுக் கூட்டாளி ஒருவர் தேவைப்பட்டார். கிடைத்தது விஸ்கியும் பீரும் விற்றுவந்த ஷா வாலஸ். விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அந்தத் தொகைக்கு மாரியோ ஓடுவதென்ன, ஒருவரை ஊரிலிருந்து அழைத்துவந்து வீட்டிலேயே ஓடவிட்டிருக்கலாம்.

இனி களம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பதால் மூன்று பேட்டைகளையும் திணை பிரித்தே காண வேண்டும். தாராவி முல்லை. இதைக் கேட்டதும் காடும் மாடும் எங்கே என்று புலவர்கள் கிளம்புவார்கள். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதாவது பொறுமையாகக் காத்திருத்தல். கோலி எனப்படும் பத்துக்குப் பத்து அறையில் மணிக்கணக்கு வாடகைக்கு விடப்பட்ட ஒரு டிவி, இரண்டு கைப்பிடி, பதினோரு பையன்கள். ஆடுவோர் இருவர், இருப்போர் ஒன்பதின்மர். மாட்டுங்கா மருதம், அதன் உரிப்பொருள் ஊடல். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து அடுக்ககங்களில் இயந்திரம் சொந்தமாகவே இருந்தது, ஆனால் டிவி ஒன்றுதான். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி பிறந்தபின் மாலைப்பொழுது யாருக்கு என்ற வழக்கு பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்தது. செம்பூர் பாலை. உரம், எண்ணெய், அணுசக்தி என்று பெருநிறுவனங்களின் குடியிருப்புகள் சூழ்ந்த பகுதி அது. அங்கே பரீட்சை நெருங்கினால் அப்பா அடாப்டரைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். மார்ச் மாதம் முழுக்கப் பிரிவு, வெயிலும் உண்டு.

குறிஞ்சியும் நெய்தலும் விடுபட்டது ஆய்வாளரின் குறை அன்று. அவை ஹார்பர் லைன் ரயில் பாதைக்கு அப்பால் கிடக்கின்றன.

ஊதும் முறைக்கு வருவோம். கிளைவழக்குகள் தெளிவாகவே பிரிகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்களில் "ஏல, தம் கட்டி ஊதுல" என்பது கட்டளை. மாட்டுங்காவில் "மெதுவா ஊதுடா, எச்சில் தெறிக்கறது" என்பது கண்டனம். பல மொழிப் பிள்ளைகள் கூடும் செம்பூர்ப் பள்ளிக்கூட வாசல்களில் "ஃபூங்க் மார்" என்ற இந்தியே பொதுமொழி. நுட்பத்திலும் பள்ளிகள் பல. ஒரே மூச்சில் நேராக ஊதுவோர் ஒரு சாரார். மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல் இடமிருந்து வலமாக உதட்டை ஓட்டுவோர் மறு சாரார். பனியனின் கீழ்முனையைத் திணித்துத் துடைப்போர், தொடையில் இருமுறை தட்டுவோர், செருகியபின் ஒரு நூலளவு மேலே தூக்கி வைப்போர் எனக் கிளைகள் நீளும். கடைசிச் சாரார் சித்தர் மரபினர்; அந்த நூலளவு எவ்வளவு என்பதைச் சொல்லால் விளக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ஊதுவதால் பயன் இல்லை என்பதே அறிவியல். பயன் தந்தது, கழற்றி மறுபடி மாட்டியது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பற்கள் உரசிப் புதிய இடத்தில் தொடுகின்றன, பழுது நீங்குகிறது, புகழ் மூச்சுக்குப் போய்ச் சேருகிறது. மூச்சில் இருப்பது ஈரம். அது உலோகத்தை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்து, ஊதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. மும்பையிலோ கடற்காற்றின் உப்பும் ஆடி ஆவணி மழையின் ஈரப்பதமும் ஏற்கெனவே அந்தப் பற்களைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. எரியும் வீட்டுக்கு எண்ணெய் வார்த்த கதைதான். ஆனால் ஊதியவுடன் ஓடியதைக் கண்ணால் கண்ட எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை நிறுவ எந்த ஆய்வாளராலும் ஆகாது.

அம்மாக்களின் கோட்பாடு ஒன்றும் பதிவு பெற வேண்டும்: வீடியோ கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும். அசையாத படம் நெடுநேரம் நின்றால் பழைய டியூப்களில் தழும்பு விழும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தழும்பு விழும்வரை எந்த அம்மா ஆடவிட்டார்?

ஆய்வின் மிகச் செழிப்பான பகுதி பாடபேதம். கேசட்டின் மேலட்டையில் 9999999 இன் 1 என்று அச்சிட்டிருக்கும். ஒரு விளையாட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, உண்ணாமல் உறங்காமல் ஆடினாலும் முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும். முதல் திரைகளைத் தாண்டி இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. மாரியோ வருவார், சற்றுத் தள்ளி அதே மாரியோ நிறம் மாறி வருவார், இன்னும் தள்ளி மூன்றாம் உலகத்திலிருந்து தொடங்குவார். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் உள்ளே இருந்த மூலநூல்களைக் கைவிரலிலும் கால்விரலிலும் எண்ணிவிடலாம். மற்றவையெல்லாம் ஏடெழுதுவோர் கைவண்ணம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. சுவடிக்குச் சுவடி பாடம் ஒப்பிட்டுப் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பவர்க்கே இந்தப் பட்டியலின் கொடுமை புரியும்.

கான்ட்ரா நல்ல எடுத்துக்காட்டு. கொனாமியின் மூலத்தில் மூன்று உயிர்தான். மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்கும் மந்திரத்தைத் தட்டினால் முப்பது. அந்த மந்திரத்தை 1986இல் கிராடியஸ் விளையாட்டுக்காக முதலில் வைத்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. தானே ஆடிச் சோதிக்க முடியாதபடி விளையாட்டு அத்தனை கடினமாக இருந்ததால் செய்த குறுக்குவழி அது. நகல் செய்தவர்களோ முப்பது உயிரைப் பட்டியலிலேயே தனி விளையாட்டாக வரிசை எண் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள். மந்திரம் ஓதாமலே வரம். பல விளையாட்டுகளின் முகப்பிலிருந்து கம்பெனி பெயரையும் ஆண்டையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்பதால், மாரியோவை அறிந்த தாராவிப் பிள்ளைக்கு அதைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவின் பெயர் எட்டவேயில்லை. நாட்டார் பாடல்போல அது யாருடையதும் அல்லாத சொத்தாக வந்து சேர்ந்தது. பேட்டில் சிட்டி என்ற விளையாட்டின் பெயர் டாங்க் ஆயிற்று. அட்வென்ச்சர் ஐலேண்டில் கோடாரி எறிந்துகொண்டு ஓடுபவன் சில வீடுகளில் டார்ஜான்.

காலம் பற்றிய ஆய்வு சற்றே நுட்பமானது. மாரியோவின் கடிகாரம் 400இலிருந்து இறங்கும். ஓர் எண் குறைய 24 படச்சட்டங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவிக்கு விநாடிக்கு 60 சட்டம். எனவே மொத்தம் 160 விநாடி. இந்திய டிவி பின்பற்றியது பால் முறை. மும்பை வீடுகளுக்கு வரும் ஆரே பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதில் விநாடிக்கு 50 சட்டம்தான். பால் டிவிக்கென வார்த்த நகல் இயந்திரத்தில் ஜப்பானிய நிரலை அப்படியே ஓட்டும்போது 160 விநாடி 192 ஆகிவிடுகிறது. மாரியோ மெதுவாக ஓடினார், மெதுவாகக் குதித்தார், பாட்டும் வேகம் தாழ்ந்தே ஒலித்தது. ஆமையும் மெதுவாகவே வந்ததால் எவருக்கும் நஷ்டமில்லை.

இந்த 32 விநாடியில்தான் ஆய்வின் முடிபு ஒளிந்திருக்கிறது. 2016 நவம்பரில் நின்டெண்டோ தன் பழைய இயந்திரத்தைக் கையளவில் சுருக்கி, 30 விளையாட்டுகளோடு 60 டாலருக்கு வெளியிட்டது. அசலினும் அசல். மும்பைத் தமிழர் ஒருவர் அதை ஆடினால் முதல் நிமிடத்திலேயே போலி என்று சொல்லிவிடுவார். மாரியோ அவசரப்படுகிறார்; பாட்டு விரட்டுகிறது; ஊத இடமில்லை; தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சத்தைக் காணோம்; அடாப்டர் சுடவில்லை. அவர் ஏங்குவது நகலுக்கு. அந்த நகலுக்கு இனி நகல் செய்ய ஆளில்லை என்று வருந்த வேண்டாம். 400 விளையாட்டு என்று அட்டையில் போட்ட கைக்கருவிகள் நடைபாதைகளில் இன்றும் விற்கின்றன, எண்ணிக்கை மட்டும் அடக்கமாகிவிட்டது.

இன்றைக்கு எது தாக்குப்பிடிக்கிறது? மாரியோ நிற்கிறது. மொத்தம் 40 கிலோபைட். காலை வணக்கம் சொல்லி வரும் ஒரு வாட்ஸ்அப் ரோஜாப்பூ அதைவிடப் பருமன். மேகத்தையும் புதரையும் ஒரே படத்தில் வரைந்து வெள்ளையும் பச்சையும் பூசிய சிக்கனம், நடுத்தரக் குடும்பத்துக்கே உரியது. கான்ட்ரா பக்கத்தில் ஆள் இருந்தால் நிற்கிறது, தனியே ஆடினால் அலுக்கிறது. டாங்க் அப்படியே இருக்கிறது. ரோட் ஃபைட்டர் பத்து நிமிடம். பட்டியலில் எஞ்சியவற்றை அன்றைக்கே யாரும் ஆடவில்லை.

முற்றிலும் செத்தது துப்பாக்கி. வாத்து சுடும் டக் ஹன்ட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த நொடித்துணுக்கிலேயே வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். பழைய டியூப் டிவி உடனுக்குடன் காட்டியது. தட்டை டிவி படத்தை வாங்கி, பதப்படுத்தி, ஹார்பர் லைன் வண்டிபோலச் சற்றுப் பிந்திக் கொண்டுவருகிறது. அதற்குள் துப்பாக்கி தவறிவிட்டது என்று முடிவு கட்டிவிடும். திரையில் வரும் வேட்டை நாய் சிரிக்கிறது. அந்த நாயைச் சுட முடியாது என்ற மனக்குறை வீட்டுப் பதிப்பில் அன்றும் தீரவில்லை.

சந்தை நிலவரத்தையும் குறிக்க வேண்டும். 1985இல் தயாரான, உறை பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ கேசட் 2021 ஆகஸ்டில் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஒருமுறைகூட ஊதப்படாத கேசட் என்பதுதான் அதன் சிறப்பு. தாராவிக் கேசட்டுகளுக்கு அந்தக் கற்பு வாய்க்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு மாலாவில், அதாவது பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், ஒயரறுந்த கைப்பிடியோடு அந்தப் பெட்டி இன்னும் கிடக்கலாம். இறக்கினால் ஊதாதீர்கள். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, பற்களை மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். அதற்கும் ஓடவில்லை என்றால், பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஒரே ஒருமுறை ஊதிப் பாருங்கள்.