ஆயா தைத்த கல்கி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் அன்று வாரப் பத்திரிகைகள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். இன்று அங்கே ஷாம்பு பாக்கெட்டும் சார்ஜர் ஒயரும் தொங்குகின்றன. அன்றும் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவுதான். சலூனில் ஓசியில் படித்தவர்களே அதிகம். தொடர்கதை சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்துப் பக்கம் கிழிந்திருக்கும். பின்பக்கத்தில் நடிகை படம் இருந்திருக்கும். பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வந்தபோது, ஆயா வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டினார். மயில்துத்தத்துக்குப் பூச்சி பயந்தது, எலி பயப்படவில்லை. மணியம் ஓவியத்தின் பின்பக்கம் பாதி தைல விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு ஜோக். ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சிரிப்போம்.

"எதுக்கு மாமா இந்தக் குப்ப? எல்லாம் நெட்டுல இருக்கு" என்கிறான் அக்கா மகன். நாவல் இருக்கிறது. அந்த அரை ஜோக் இல்லை. கல்கியே 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குக் குடிபோய்விட்டது.

1987-இல் விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. சில நாளில் விட்டுவிட்டார்கள். ஊர் ஊராகப் போய்விட்ட இதழை யார் பிடிப்பது? எங்கள் சலூனில் அது நைந்து போகும்வரை கிடந்தது. 2025 பிப்ரவரியில் விகடனின் இணைய இதழில் வந்த கார்ட்டூனுக்காக இணையதளத்தையே முடக்கினார்கள். இந்த முறை ஆசிரியர் வெளியே, பத்திரிகை உள்ளே! கார்ட்டூனை எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. சலூன் இதழிலிருந்து ஜோக்கை எடுக்க எந்த உத்தரவும் வந்ததில்லை.

அதே ஆண்டு ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது எங்கள் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்தது. (தேசிங்கு ராஜா கோட்டை என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். போகட்டும்.) அக்கா மகன் வைத்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தது. சலூன்காரர் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த, கோட்டையின் ராஜகிரி மலைப் படத்தை வெட்டிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார். போன வாரம் முடி வெட்டப் போன இவன் அதைப் போட்டோ பிடித்து, மறுபடியும் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான்.