தங்கவயலில் தங்கம் தீர்ந்துவிட்டதா?

கேள்வி: கோலார் தங்கவயலில் தங்கம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டதா, சார்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: தீர்ந்தது லாபம். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி வைத்த வேலை, 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது; பெங்களூரு அப்போது மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி தூண்டிக்கொண்டிருந்தது! தங்கம் கப்பலேறி லண்டன் போனது. 2001-ல் சுரங்கத்தை மூடியபோது ஊருக்கு மிஞ்சிய சொத்து, தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண்மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் கொடியில் காயும் வேட்டியிலும் படியும், சோற்றுத் தட்டிலும் படியும். சினிமாக்காரர்களுக்கு மட்டும் அந்த மேடு ரொம்பப் பிடிக்கும். சண்டைக் காட்சிக்கு வாகாம். ஊர்க்காரர்கள் விடிவதற்குள் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள்.