குளிர்காலத்தின் கீழெல்லை: சித்திரபுரம் முதல் போடி வரை ஓர் ஆராய்ச்சி

குளிர்காலம் எப்போது முடியும் என்பதைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, அதோடு கணக்கு தீர்ந்தது. அது எங்கே முடிகிறது என்பதை மட்டும் இதுவரை எவரும் சொல்லவில்லை. மலையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு இறங்கும் குடும்பங்களுக்கு இதுவே தலையாய கேள்வி. எந்த வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று முடிவாகாமல் ஒரு குடும்பம் போடிக்குப் போய்ச் சேரலாம். சேர்ந்த பிறகு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

முன்னோர் செய்த ஆராய்ச்சிகள் அனைத்தும் எதிர்த் திசையில் போனவை. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறியது. அதை எழுதிவைக்க ஆள் இருந்தது. தை மாதத்தில் சித்திரபுரத்திலிருந்து அம்மாச்சி வீட்டுக்கு இறங்குகிறவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும் உரியதாக்கினார். ஆக, மலையில் குளிரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உடன்போக்கில் செல்லும் தலைவனுக்கும் தலைவிக்கும் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து, இருவரும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டால் அது எந்தத் திணை? இலக்கணம் நம்மை இங்கே கைவிடுகிறது.

ஆய்வுக்களத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்திரபுரம், திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பெயரைத் தாங்கிய ஊர். பக்கத்திலேயே 1940-ல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் மின் நிலையம் இருக்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது, திறன் 37.5 மெகாவாட். இவ்வளவு மின்சாரத்துக்கு அருகில் குடியிருந்தும் தை மாதக் காலையில் பிள்ளைகளைக் குளியலறைக்குள் தள்ள ஒரு யூனிட்கூடப் பயன்படுவதில்லை. சற்று மேலே மூணாறைச் சுற்றியுள்ள செவன்மலை, லெட்சுமி, செண்டுவாரை எஸ்டேட்டுகளில் சில ஜனவரிகளில் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் தரையின் சூடு இரவோடு இரவாக மேலே போய்விடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளங்களில் வழிந்து தங்க, விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும்.

அந்த வெள்ளையைப் பார்க்கத்தான் சமவெளிக்காரர்கள் வண்டி வண்டியாக ஏறி வருகிறார்கள். அதே நாளில், அதே சாலையில், அதைப் பார்த்துச் சலித்தவர்கள் இறங்குகிறார்கள். பொங்கலுக்கு இந்த மலைகள் உள்ள இடுக்கி மாவட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு என்பதால் இரு படைகளும் மூணாறு–போடிமெட்டு வழியிலுள்ள கேப் ரோட்டில் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ஏறுகிற வண்டியின் ஜன்னல்கள் திறந்திருக்கும், பிள்ளைகளின் தலை வெளியே இருக்கும். இறங்குகிற வண்டியின் ஜன்னல்கள் மூடியிருக்கும், பிள்ளைகளின் மூக்கு மட்டும் குல்லாவுக்கு வெளியே இருக்கும். இரு தரப்பும் மற்றவரைப் பரிதாபமாகப் பார்க்கும். இமயத்துப் பக்கமிருந்து சாம்பல் வாலாட்டிக் குருவி குளிருக்குப் பயந்து இந்த மலைகளுக்குத்தான் வந்து சேர்கிறது என்பதை இங்கே சேர்த்துக்கொண்டால் ‘குளிர்’ பற்றிய நம் அடிப்படையே ஆட்டம் காணும். ஆகவே அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

முதல் கண்டுபிடிப்பு வண்டி கிளம்பியதுமே கிடைத்துவிடுகிறது. குளிரிலிருந்து தப்ப வேண்டுமானால் முதலில் அதற்குள் ஏற வேண்டும். சித்திரபுரத்தைவிட மூணாறு உயரம், மூணாறைவிடத் தேவிகுளம் உயரம். அதன்பின் பெரியகானல் வழியாகப் பூப்பாறைக்கு ஓர் இறக்கம், மறுபடியும் போடிமெட்டுக்கு ஓர் ஏற்றம். மூணாறிலிருந்து போடிமெட்டு வரை மட்டும் சுமார் 42 கிலோமீட்டர். “அம்மாச்சி வீடு வந்துடுச்சா?” என்ற வினா மூணாறு பஸ் ஸ்டாண்டிலேயே எழும். இதற்குக் கோபப்படக் கூடாது. ஆராய்ச்சியில் கருதுகோளை அடிக்கடி சோதித்துப் பார்ப்பது நல்ல முறைதான்.

இனி, கீழெல்லை எது என்பதில் கட்சி நான்கு. போடிமெட்டுச் சோதனைச் சாவடியே எல்லை என்பார் ஒரு சாரார். கேரளம் முடிந்தது, குளிரும் முடிந்தது என்பது அவர் வாதம். அது பொருந்தாது என்க. என்னை? மூடுபனி பர்மிட் எடுப்பதில்லை. சாவடியில் கட்டஞ்சாயா குடிக்க இறங்கியவர்கள் இரண்டு கையாலும் கிளாசைப் பிடித்துக்கொள்வதே இதற்குச் சான்று.

கொண்டை ஊசி வளைவே அளவுகோல் என்பார் மற்றொரு சாரார். இவர்களுக்குக் கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் கூடும். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை இறக்கம் ஏறத்தாழ அவ்வளவுதான், வளைவுகள் 17. ஆகவே வளைவு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 டிகிரி வீதம் குளிர் கழிந்துகொண்டே வரும். ஒன்பதாம் வளைவில் குல்லா, பன்னிரண்டில் ஸ்வெட்டர், பதினைந்தில் சாக்ஸ் என்று அட்டவணையே போடலாம். அழகான கோட்பாடுதான். ஆனால் இதை வகுத்தவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று துணிந்து சொல்லலாம். காதுக்குள் இருக்கும் நீர் ‘திரும்புகிறோம்’ என்கிறது. செல்போனில் பதிந்த கண் ‘சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாத மூளை வயிற்றிடம் முறையிடுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரை இந்தத் தொல்லை அதிகம்; மடியில் கிடக்கும் கைக்குழந்தைக்கு அநேகமாக இல்லை. ஆகவே மூத்தவன் ஏழாம் வளைவில் “அம்மா, ஒரு மாதிரியா இருக்கு” என்பான். எலுமிச்சம்பழம் கைப்பையின் அடியில் இருக்கும். பிளாஸ்டிக் கவர் டிக்கியில் இருக்கும். நடந்தது நடந்தபின் வண்டியை ஓரங்கட்டி, பிள்ளையை வெளியே நிறுத்தி முகம் கழுவினால், மலைக்காற்று பட்டு அவன் நடுங்குவான். கழற்றக் காத்திருந்த ஸ்வெட்டருக்கு மேலே இன்னொரு துண்டு ஏறும். அட்டவணை அங்கேயே கிழிந்தது.

காதடைப்பே சான்று என்பார் மூன்றாமவர். மேலே காற்றழுத்தம் குறைவு. இறங்க இறங்கக் கூடும். மேலே உப்பிக் கிடந்த சிப்ஸ் பாக்கெட் கீழே வரவர வற்றும். மலையில் குடித்து முடித்து மூடிவைத்த தண்ணீர் பாட்டில் தானாக நசுங்கும். பாக்கெட் முழுக்க வற்றிய இடமே எல்லை என்று கொள்ளலாம் என்றால், கருவியை ஆறாம் வளைவுக்குள் சின்னவள் தின்றுவிடுகிறாள். ஏழாம் வளைவு நிகழ்ச்சிக்கு, அவள் அண்ணனுக்குக் கொடுத்த பங்கும் ஒரு காரணமாயிருக்கலாம். அது தனி ஆய்வு.

நான்காவது எண்ணெய்க் கட்சி. இந்த ஆய்வாளர் அதைச் சார்ந்தவர். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உருகும். சித்திரபுரத்தில் தை மாதக் காலையில் அதைப் பாட்டிலிலிருந்து ஈர்க்குச்சியால் தோண்டி எடுக்க வேண்டும். அதே பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால், எண்ணெய் இளகும் இடம் குளிர்காலம் முடியும் இடம். வாய் பேசாத சாட்சி, வாந்தியும் எடுக்காது. நடைமுறையில் ஒரு சிக்கல் வந்தது. முந்தலில் எல்லாரும் ஒரே நேரத்தில் கழற்றிய ஸ்வெட்டர், குல்லா, கம்பளி அனைத்தையும் அந்தப் பாட்டிலின் மேலேயே குவித்துவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எண்ணெய் மட்டும் மூணாறிலேயே இருந்தது. போடியில் ஏலக்காய் மணக்கும் தெருவைத் தாண்டி அம்மாச்சி வீட்டு வாசலில் இறங்கி, மதியச் சாப்பாடு முடிந்த பிறகே அது இளகியது. முடிவு கிடைத்துவிட்டதாக ஆய்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் எண்ணெய் மறுபடி உறைந்திருந்தது. வாசலில் விளையாடிய பிள்ளைகள் பனியன் டிராயரோடு, அம்மாச்சி மாட்டிவிட்ட மங்கி குல்லாயும் ஆளுக்கொன்று போட்டிருந்தார்கள். “பனி கொட்டுது, பிள்ளைக காதைப் பொத்தாம விட்டிருக்கீகளே” என்றார் அம்மாச்சி. அவரும் தலையில் துண்டு சுற்றியிருந்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே கீழெல்லை போடியிலும் இல்லை என்பது பெறப்பட்டது. இது கொச்சி–தனுஷ்கோடி சாலை என்று மக்கள் சொல்லும் பாதை. இதே பாதையில் மேற்கொண்டு போனால் தேனி, மதுரை, இராமேசுவரம், கடைசியில் கடல். எண்ணெய்ப் பாட்டிலோடு தனுஷ்கோடி வரை ஆய்வை நீட்டிக்க வேண்டும் என்று காலைக் காப்பியின்போது ஆய்வாளர் முன்மொழிந்தார். வீட்டம்மாள் கருத்துரை வருமாறு:

“போகலாங்க. முதல்ல அந்தப் பின்சீட்டைக் கழுவிட்டு வாங்க.”