கைவிட்டவர் யார்?

என் அக்கா மகனுக்கு அப்போது வயது பதினொன்று. கொரோனா ஊரடங்கு நாட்களில் ஓர் ஆன்லைன் செஸ் போட்டியில் உட்கார்ந்திருந்தான். எதிராளியைவிட ஒரு யானை அதிகம். மழை இல்லை, கரண்டும் போகவில்லை. மோடத்தில் எரிந்த பச்சை விளக்கு சிவப்பானது, அவ்வளவுதான். அக்கா ஓடிப்போய் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டாள். லேப்டாப் சுற்றியது, சுற்றியது, பிறகு பாஸ்வேர்ட் கேட்டது. உள்ளே நுழைந்தபோது பலகையின் மேல் ஒரு பெட்டி: நீங்கள் ஆட்டத்தைக் கைவிட்டதால் தோற்றீர்கள்.

"மாமா, நான் எப்போ கைவிட்டேன்?" என்றான்.

போட்டி நடத்தியவரிடம் கேட்டேன். "சார், நெட் உங்க பொறுப்பு. ரூல்ஸ்ல தெளிவா இருக்கு" என்றார்.

ஆகா, என்ன அருமையான ரூல்ஸ்! இனி பிள்ளைகள் சிசிலியன் தற்காப்பு படிக்குமுன் தெருமுனையில் பள்ளம் தோண்டும் ஜேசிபிக்காரரைச் சமாளிக்கப் படிக்க வேண்டும். இரண்டாம் பாடம், கம்பத்தில் ஏறும் அணிலை விரட்டுவது. மூன்றாம் பாடம், கடலடிக் கேபிளுக்குக் காவல் நிற்பது. இதெல்லாம் தேறிய பிறகு, நேரம் மிச்சமிருந்தால், குதிரையை எங்கே வைப்பது என்று யோசிக்கலாம்.

போட்டி நடத்துகிறவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். தோற்கிறவன் வயரைப் பிடுங்கிவிட்டு 'நெட் போச்சு' என்பான். ஆட்டத்தை நிறுத்தி வைத்தால், அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரிடம் அடுத்த நகர்த்தலைக் கேட்டு வருவான். நடக்கிற காரியம்தான். ஒருவனுக்கு மட்டும் கோடு அறுந்தால், அது விபத்தா வேஷமா என்று சர்வருக்குத் தெரியாது, சரி. ஒரே நேரத்தில் ஊருலகத்துக்கே அறுந்தாலுமா தெரியாது?

2020 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய முதல் ஆன்லைன் ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று 3-3. இரண்டாம் சுற்றின் நடுவே உலகமெங்கும் இணையம் தடுமாறியது. அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் வலைப்பின்னலில் நடந்த ஒரு கோளாறு, கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவையை நம்பியிருந்த எத்தனையோ தளங்களை முடக்கியது. பதினாறு வயது நிஹால் சரினுக்கும் பதினான்கு வயது திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. எங்கோ அமெரிக்காவில் நடந்த கோளாறுக்கு அபராதமாக இவர்களின் கடிகாரத்திலிருந்து நொடிகள் கழிந்தன. இருவரும் நேரத்தில் தோற்றதாகக் கணக்கு.

இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் ஆர்கடி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். நாமும் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம்.

இரண்டு நாள் முன்னால் போவோமா? கால் இறுதியில் இதே நிஹாலுடன் ஆடிய ஆர்மீனியாவின் ஹைக் மார்டிரோசியனுக்கு இணைப்பு அறுந்தது. ஆட்டம் போயிற்று. ஆர்மீனியா முறையிட்டது, தள்ளுபடி. 'நெட் உங்க பொறுப்பு' என்ற அதே பல்லவி. அவர்கள் கோபித்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார்கள். நாம் அரை இறுதிக்குப் போனோம். அன்றைக்கு இந்த விதி அநியாயம் என்று நம்மில் எத்தனை பேர் கத்தினோம்? வெள்ளிக்கிழமை இனித்த சட்டம் ஞாயிற்றுக்கிழமை கசந்துவிட்டது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

கோளாறு எங்கே நடந்தது என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தப்பு இரண்டிலும் ஒன்றுதான்: பூஜ்யம்.

விதிப்புத்தகத்துக்கு இல்லாத வெட்கம் சில ஆட்டக்காரர்களுக்கு இருந்தது. அதே ஆண்டு செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் ஆன்லைன் போட்டியின் அரை இறுதியில் டிங் லிரெனின் இணைப்பு அறுந்ததால் மாக்னஸ் கார்ல்சனுக்கு ஒரு வெற்றி கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் சில நகர்த்தல்களிலேயே தன் ராணியை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது உலக சாம்பியனாக இருந்த அவர் தன் கையால் கணக்கை நேர் செய்ய வேண்டியிருந்தது. லீசெஸ் தளத்தில் எதிராளி காணாமல் போனால் 'வெற்றி' பொத்தானுக்குப் பக்கத்தில் 'டிரா' பொத்தானும் வரும். அதாவது, நீதி வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் நல்லவராக இருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பம் போதவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1965-ல் ஹவானாவில் நடந்த காபாபிளாங்கா நினைவுப் போட்டிக்குப் போக பாபி ஃபிஷருக்கு அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. நியூயார்க்கின் மார்ஷல் செஸ் கிளப்பில் உட்கார்ந்தபடி டெலிபிரிண்டர் வழியாக 21 சுற்றுகள் ஆடினார். ஆட்டங்கள் மணிக்கணக்கில் இழுத்தன. இயந்திரம் வழியில் தின்ற நேரத்துக்காக அவரை யாரும் தோற்றவர் என்று அறிவிக்கவில்லை. முதலிடத்துக்கு அரைப் புள்ளி பின்னால் முடித்தார். கடகடவென்று சத்தம் போட்ட அந்த இரும்புப் பெட்டிக்கு இருந்த நியாயம் இன்றைய சர்வருக்கு ஏன் இல்லை?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. மூன்று நிமிட பிளிட்ஸ் விளையாட்டை விட்டுவிடுங்கள். அங்கே போனால் போகட்டும். பரிசும் பட்டமும் உள்ள போட்டியில், தளத்திலோ பொது இணையத்திலோ கோளாறு என்றால் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்துங்கள். பிறகு தொடருங்கள், முடியாவிட்டால் புது ஆட்டம் வையுங்கள். தனி ஒருவருக்கு அறுந்தால், கடிகாரத்தில் கழிக்காமல் ஒரே ஒரு முறை இரண்டு நிமிடம் கொடுங்கள். கேமராதான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறதே! அடிக்கடி 'அறுபடுகிறவரை' விசாரியுங்கள். எங்கே அறுந்தது என்ற சர்வர் பதிவை இரு தரப்புக்கும் காட்டுங்கள். இதையெல்லாம் போட்டிக்கு முன்பே எழுதி வையுங்கள், பெரிய நாடு சத்தம் போட்ட பிறகு அல்ல.

இவ்வளவும் முடியாதென்றால், குறைந்தபட்சம் அந்தப் பெட்டியில் வரும் வாசகத்தையாவது மாற்றுங்கள். 'இணைப்பு அறுந்தது, எங்களுக்கு அக்கறை இல்லை' என்று உள்ளதைப் போடுங்கள். பதினொரு வயதுப் பையன் மேல் பொய்ப் பழி போடாதீர்கள். அவன் அன்றைக்கு எதையும் கைவிடவில்லை.