மோடம் கொடுத்த அல்வா

கேள்வி: டயல்-அப் காலத்தில், பகலெல்லாம் ஒழுங்காக இருந்த இன்டர்நெட் ராத்திரி நாம் படுத்த பிறகு மட்டும் அறுந்துபோகுமே, ஏன்?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: நீங்கள் தூங்கியதுதான் முதல் காரணம்! 20 நிமிடம் போக்குவரத்து இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடு விண்டோஸிலேயே இருந்தது. மீட்டர் ஓடுகிறதே என்ற கரிசனம்.

இரண்டாவது, மாடியில் இருந்த பேரலல் போன். ஆச்சி ரிசீவரை எடுத்து "அலோ" என்றால் போதும், மோடத்துக்கு மூச்சு நின்றுவிடும். கால் வெயிட்டிங் சத்தமும் அப்படியே.

மூன்றாவது, ஐப்பசி மழை. தாமிரபரணியில் வெள்ளம் வருவதற்கு முன்பே தெருமுனை கேபிள் பெட்டிக்குள் ஈரம் வந்துவிடும். செம்புக் கம்பி இணைப்புகள் நனைந்தால் லைன் கரகரக்கும். பேச்சு புரியாத மோடம் போனை வைத்துவிடும்.

அட்டையில் 56 கே என்று போட்டிருந்தாலும் நொடிக்கு 5 கிலோபைட் வந்தாலே பெரிய காரியம். 5 எம்பி பாட்டுக்குக் கால்மணி நேரத்துக்கு மேல். அதற்குள் இருட்டுக்கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்துவிடலாம். 98 சதவீதத்தில் அறுந்த லைன் நமக்குக் கொடுத்ததும் அதைத்தான்!

வைத்தியம் எளிது. ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் காது கொடுங்கள். மற்ற போன்களைக் கழற்றிய பிறகும் கரகரத்தால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இதே சோதனைதான்.