சுறாவுக்குத் தெரிந்த குடும்பம்

1997இல் ஸ்டார்கேட் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது அதில் கோவாவுல்ட் என்றொரு புழுச்சாதி இருந்தது. அதன் குஞ்சுக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை. ராணிப்புழுவுக்குத் தெரிந்ததெல்லாம் பிறக்கும்போதே குஞ்சின் மண்டைக்குள் இருக்கும். குஞ்சு முதலில் ஒரு வீரனின் வயிற்றுப் பையில் வளரும். பருவம் வந்ததும் இன்னொருவன் கழுத்துக்குள் புகுந்து அவனை ஆட்டிவைக்கும். அமெரிக்கர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்களாம். இலங்கையின் புத்தளம் கரையில் அதற்கு நியாயமில்லை. பரம்பரை ஞாபகம், வயிற்றுப் புழு, அடுத்தவன் உடம்பில் சீவியம் எல்லாம் இந்தக் கடலில் அரசாங்கச் செலவிலேயே நடந்து முடிந்த சங்கதிகள்.

முதலில் மார்க்கோ போலோவை விசாரிப்போம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர், முத்துக் குளிப்பவர்கள் ‘பெத்தலார்’ என்ற இடத்தில் கூடுவதாக எழுதினார். அது புத்தளம்தான் என்று பிற்காலத்தில் போலோவின் நூலை மொழிபெயர்த்த ஹென்றி யூல் சொன்னார். புத்தளத்தார் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. போலோ சொல்லும் கணக்கு இதுதான்: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு. நாடு முழுவதையும் ஆள்கிறவருக்குக் கிடைப்பதில் பாதி, மீனை மட்டும் ஆள்கிறவருக்கு. மோசமான உத்தியோகமில்லை. அதைவிடக் கெட்டித்தனம், பொழுதுபட்டதும் கட்டை அவிழ்த்துவிடுவது. இல்லாவிட்டால் எவனாவது இரவில் களவாக இறங்கி முத்தள்ளிவிடுவான். பகலில் வாய் கட்டப்பட்ட சுறா, இரவில் சம்பளமில்லாத காவற்காரன்.

1344இல் இபுன் பதூதா வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன் அதிகாரிகள் முத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாரசீக மொழி தெரிந்த அந்த அரசர், உங்கள் பக்கத்து முத்து இப்படி இருக்குமா என்று கேட்டார். இதைவிட மட்டம்தான் என்று பதூதா பதில் சொன்னார். முத்துகள் உடனே அவருக்கே சொந்தமாயின. ஒரு வரிப் புகழ்ச்சிக்கு இந்தக் கரையில் வேறு எவருக்கும் இவ்வளவு கூலி கிடைத்திருக்காது.

பிறகு வெள்ளைக்காரர். மன்னாரிலிருந்து சிலாபம் வரை கடலடியில் கிடக்கும் முத்துப் பார்களும் அவற்றோடு சுறாமந்திரக்காரரும் சேர்த்தே கைமாறினார்கள். இவருக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். 1807இல் புத்தகம் போட்ட கோர்டினர் பாதிரியார், இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம், வெளியாள் எவனும் அந்த வேலைக்கு ஆசைப்படவே முடியாது என்கிறார். ஒருவர் தலைமை மாலுமியின் தோணியில் கடலுக்குப் போவார். இன்னொருவர் கரையில் ஓர் அறைக்குள், உடுத்தியதையும் களைந்துவிட்டு, தோணிகள் திரும்பும்வரை அடைந்து கிடப்பார். அவர் முன் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர். அதற்குள் வெள்ளியில் செய்த ஆண்மீன் ஒன்று, பெண்மீன் ஒன்று. கடலில் சுறா யாரையாவது கடித்தால் இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்று நம்பிக்கை. கம்பியில்லாத் தந்தி வருவதற்கு நூறு வருசம் முந்திய ஏற்பாடு. அதே காலத்தில் எழுதிய பெர்சிவல் இன்னும் கொஞ்சம் கோள் சொல்கிறார்: விரதம் இருக்கவேண்டிய இந்த மந்திரக்காரர்கள், நிற்க முடியாத அளவுக்குக் கள் குடிப்பதும் உண்டாம். சுறா அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் கதையின் உச்சம் எமர்சன் டெனன்ட் துரையிடம்தான் இருக்கிறது. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்தவர். புத்தளத்துக்கு வடக்கே அரிப்பில் முத்துப் பார்களைப் பார்க்கப் போனார். அவர் போன நேரம் கடல்கட்டிக்குச் சுகமில்லை. குடும்பத் தலைவரான அவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரம் எந்தச் சமயத்துக்குரியது என்பது சுறாவின் அக்கறையல்ல. தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பதில் ஆள் துரையிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: எனக்கு மந்திரம் தெரியாது, ஆனாலும் பெரியவரின் ஆளாக நான் வந்து நின்றாலே போதும், சுறாக்கள் மரியாதை கொடுக்கும். டெனன்ட் இதை 1859இல் அச்சிலும் ஏற்றினார்.

இந்தப் பதிலின் ஆழத்தை விஞ்ஞானக் கதைக்காரர்கள் இன்னும் எட்டவில்லை. அவர்கள் கதையில் பிள்ளைக்குத் தாயின் ஞாபகம் வந்துசேரும். இங்கே மந்திரம் போனாலும் பாதகமில்லை, பதவி போகாது. அதோடு ஞாபகம் வைத்திருக்கவேண்டிய பொறுப்பு மனிதனிடமிருந்து சுறாவுக்கு மாறிவிட்டது. இது இன்னாருடைய ஆள், பாட்டன் காலத்திலிருந்து தெரிந்த வீடு, இவன் நிற்கும் இடத்தில் வாய் வைக்கக்கூடாது என்று சுறாதான் தன் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லியும் கொடுத்திருக்கிறது போலும், ஏனென்றால் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சுறாக்கடி அபூர்வம். நூற்றுக்கணக்கானவர் ஒரே நேரத்தில் குதித்துக் கூச்சல் போட்டால் எந்தச் சுறாவும் ஓடத்தான் செய்யும் என்பார்கள் விபரம் தெரிந்தவர்கள். விபரம் தெரிந்தவர்களை அன்று கடலுக்குள் இறங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

மந்திரத்தால் சுறாவைக் கட்டலாம், சிப்பியைக் கட்ட முடியாது. 1891க்குப் பிறகு சலாபமே நடக்கவில்லை. பார்களைப் பரிசோதிக்க 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார், கூடவே ஜேம்ஸ் ஹோர்னெல். முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, ஒரு நாடாப்புழுவின் குஞ்சு. 1850களிலேயே கெலார்ட் என்ற வைத்தியர் இங்கே ஆராய்ந்து, புழுவின்மேல் சந்தேகப்பட்டிருந்தார். ஹெர்ட்மன் கட்சி அதற்கு முழுச் சரித்திரமும் எழுதியது. புழுக்குஞ்சு சிப்பிக்குள் புகும்; கிளாத்தி மீன் அந்தச் சிப்பியைக் கடித்துத் தின்னும்; கிளாத்தியைத் திருக்கை விழுங்கும்; திருக்கையின் குடலில்தான் புழுவுக்கு வயது வரும், அங்கிருந்துதான் முட்டை மறுபடி கடலுக்கு. வழியில் சிப்பிக்குள்ளேயே செத்துப்போன துரதிர்ஷ்டக் குஞ்சைச் சுற்றிச் சிப்பி கட்டும் கல்லறைதான் ராணிமார் கழுத்தில் தொங்குகிறது. ஸ்டார்கேட் புழுவுக்கு வீடு இரண்டு. எங்களுடையதற்கு மூன்று.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. சிப்பியைக் காப்பாற்ற, அதையும் தின்கிற திருக்கையைக் கொன்றால் புழு அற்றுப்போகும், புழு போனால் முத்தும் போகும். ஆகவே கொள்ளைக்காரனையும் கவனமாகப் பராமரிக்க வேண்டும். அரசாங்கங்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

1903இல் சிப்பி திரும்பி வந்தது. 1905இல் புத்தளம் எல்லைக்கு அப்பால் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த வருசம் அங்கே வேலைக்குப் போன இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃப், அழுகும் சிப்பியின் நாற்றத்தை ஆயுளுக்கும் மறக்கவில்லை. லண்டன்காரர்களுக்கோ நாற்றம் எட்டவில்லை, வரவு மட்டும் எட்டியது. ஒரு கம்பெனி அமைத்து 1906இல் பார்களை 20 வருசக் குத்தகைக்கு எடுத்தார்கள். கையில் ஹெர்ட்மனின் ஐந்து தொகுதி அறிக்கை. எதற்கும் அதில் விடை இருந்தது. சிப்பிக்குஞ்சுகளை நல்ல பாருக்கு மாற்றிவிடும் யோசனைகூட இருந்தது.

1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பெனி கலைந்தது. 1912இல் ஜேம்சன் என்பவர் இலங்கை முத்துகளை ஆராய்ந்து, முத்துக்குக் காரணம் அந்தப் புழு என்பதையே மறுத்துவிட்டார். அடுத்த சலாபத்துக்கு 1925 ஆனது.

சிப்பியின் குடும்ப வழக்கம் அப்படி. முட்டையைக் கடலில் விட்டதோடு தாயின் கடமை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சு சில வாரம் நீரோட்டத்தோடு அலைந்து, அகப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சிலது பாரில் விழும், மிச்சம் மணலில் புதைந்து சாகும். தாய் இருந்த பார் எது, அதை யார் எத்தனை வருசத்துக்கு எடுத்திருக்கிறார்கள் என்ற எந்த ஞாபகமும் அதற்கு வருவதில்லை. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அதை யோசித்திருக்கலாம்.